ரெட்டைக்குளத்துச் சுற்று

ரெட்டைக்குளத்தில் கரைகள் மனசை மாற்றிக்கொண்ட அன்றைக்கு, மாவு மில் சிவனணைந்தான் ஏற்கெனவே பெரியகுளத்தை ஒரு சுற்று வலம் வந்து முடித்து, மஞ்சள் நூல் பந்தை மடியில் வைத்துக்கொண்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கல்மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் பிந்திக் கிளம்பியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் அவன் எதற்கும் முந்துகிற ஆள், பால்காரன் மணி அடிக்கும் முன்னே மில்லைத் திறந்து பெல்ட்டை மாட்டுகிறவன், அவனைப் போய் யார் பிந்தச் சொல்வது.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பெரியகுளம் ஒரு பக்கம், சின்னக்குளம் மறுபக்கம், இரண்டு கரையும் வந்து முட்டுகிற முக்கில் ஆள் உயரத்துக்கு ஒரு கல், கல்லுக்கு எதிரே மண்டபம். எந்தக் கரையில் கிளம்பினாலும் குளத்தைச் சுற்றி அந்தக் கல்லடிக்கேதான் வந்து சேர வேண்டும். ஊரில் யாருக்காவது உயிர் போகிற நோய் வந்து பிழைத்துவிட்டால், அவருக்காக நேர்ந்துகொண்டவர் கல்லில் நூலைக் கட்டி, பந்தை அவிழ்த்துவிட்டுக்கொண்டே குளத்தைச் சுற்றி வந்து மண்டபத்தில் உட்காருவார். பேச்சுக் கிடையாது, சோறு கிடையாது, இளநீர் மட்டும். மறுநாள் காலையில், யார் பிழைத்தாரோ அவர் தன் காலாலேயே நடந்து வந்து, அந்த மடியிலிருந்து பந்தை எடுத்து, இடமாகச் சுற்றிப் போய் நூலைச் சுருட்டி எடுக்க வேண்டும். போட்ட தடத்திலேயே திரும்பி நடந்தால் நூல் பந்துக்கு வரும், வேறு எப்படி நடந்தாலும் நூல் போய்க்கொண்டே இருக்கும். கடைசி முழமும் சுருண்டு கல்லிலிருந்து முடிச்சு கழன்றால் உட்கார்ந்தவர் எழுந்து சாப்பிடுவார். நூலை அறுக்கக் கூடாது. அறுத்தால் விட்டுப்போன நோய் வீட்டைத் தேடி வரும் என்பது நம்பிக்கை, ஐப்பசியில் மழை வரும் என்கிற மாதிரியான நம்பிக்கை.

சிவனணைந்தான் நேர்ந்துகொண்டது அவன் பெண்டாட்டி பூரணத்துக்காக. ஆடியில் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டு, பெரியாஸ்பத்திரியில் கையை விரித்து, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி, வீட்டில் பாயைப் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அழுது ஓய்ந்த ஒரு சாயங்காலம், அவளே எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். சீனி கம்மி என்று குறையும் சொன்னாள்.

கரை மாறியதை முதலில் கண்டது பால்காரன் சுடலைக்கண்ணு. சாயங்காலப் பாலோடு பெரியகுளத்தை வலமாகச் சுற்றி வந்தவனுடைய கால்கள் கல்லடியில் நிற்காமல், எருமை தொழுவத்துக்குப் போகிற மாதிரி அதுபாட்டுக்குச் சின்னக்குளத்துக் கரையில் ஏறி, அதையும் ஒரு வலம் வந்து, அப்புறம்தான் கல்லடியில் நின்றன. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முதல் நாள் கொஞ்சம் குடித்திருந்தான். ஆனால் சின்னக்குளத்தை வலம் வரக் கிளம்பிய சோசியர், சின்னதைச் சுற்றி, பெரியதைச் சுற்றி, மறுபடி சின்னதையும் சுற்றிவிட்டுத்தான் வந்து நின்றார், அவர் குடிக்கிற ஆள் இல்லை. இடமாகக் கிளம்பினால் எல்லாம் தலைகீழ்: பெரியகுளத்தை இடமாகச் சுற்றக் கிளம்பினவரைக் கால்கள் முதலில் சின்னக்குளத்தை இடமாகச் சுற்றவைத்து, பிறகுதான் பெரியதுக்குக் கொண்டுபோயின. நடுவில் கல்லடியில் நிறுத்திப் பார்க்கலாம் என்று நாலு பேர் சேர்ந்து ஒருவனைக் கட்டிப்பிடித்தார்கள், நாலு பேரும் கூடவே போனார்கள்.

ஊர் இதற்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. சுடலைக்கண்ணுக்குச் சின்னக்குளத்துக் கரையில் புது வாடிக்கை கிடைத்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டர் சொன்ன நடை ஒரே மூச்சில் முடிகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். கோழி திருடிக்கொண்டு கரையில் ஓடியவனை யாரும் துரத்தவில்லை, டீ குடித்துக்கொண்டே கல்லடியில் காத்திருந்தார்கள், அவன் இரண்டு குளத்தையும் சுற்றி மூச்சு வாங்க வந்து கோழியைக் கையில் கொடுத்தான். அவனுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கரையோரத்து வீட்டுக்காரர்கள் வழியில் இறங்கி வீட்டுக்குள் போகலாம், தூங்கலாம், ஆனால் மறுபடி கரையில் கால் வைத்தால் பாக்கியையும் நடந்தாக வேண்டும், அதுவும் பழகிப்போயிற்று. எல்லோருக்கும் பழகிற்று, மண்டபத்தில் இருந்தவனைத் தவிர.

பூரணம் கரை மாறிய மறுநாள் காலையிலேயே குளித்து ஈரத் தலையோடு வந்து, அவன் மடியிலிருந்து பந்தை எடுத்து, வழக்கப்படி பெரியகுளத்தை இடமாகச் சுற்றக் கிளம்பினாள். கால்கள் அவளைச் சின்னக்குளத்துக்குக் கொண்டுபோயின. அந்தப் பக்கம் சுருட்டுவதற்கு நூலே கிடையாது, ஆகையால் பந்திலிருந்து நூல் போயிற்று. பிறகு பெரியதைச் சுற்றும்போது பழைய நூல் ஒரு பக்கம் கிடக்க இந்தப் புது நூலும் அதன் மேலேயே போயிற்று. கல்லடிக்கு வந்தபோது பந்து பாதியாக இளைத்திருந்தது. அவிழ்க்கப் போனவள் இன்னும் இரண்டு கட்டுக் கட்டிவிட்டு வந்து நின்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு, போட்ட தடத்தையே பிடித்துப் பெரியகுளத்தை வலமாகக் கிளம்பினாள், பெரியதும் சின்னதுமாக அந்த இரண்டு கட்டும் சுருண்டு வந்து, பழையபடி ஒரே ஒரு சுற்று நூல் பெரியகுளத்தைச் சுற்றிக் கிடந்தது. தொடங்கின இடத்துக்கே வந்தாயிற்று, அந்த மட்டுக்கும் பிழைத்தது. பந்தை அவன் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

சிவனணைந்தான் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணில் கோபமும் இல்லை குறையும் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாள் போகப் போக அவன் கழுத்தெலும்பு தெரிந்தது. இளநீரும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. அவனுடைய அக்கா கோமு, ஊரே நடுங்குகிற வாய்க்காரி, மண்டபத்துத் தூணோடு தூணாக உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரை எல்லாம் ஏசினாள், கரையை ஏசினாள், குளத்தை வெட்டின ராசாவை ஏசினாள், பூரணத்தை மட்டும் ஏசவில்லை. வடக்கே மேகம் கூடத் தொடங்கியிருந்தது. மழை விழுந்து குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால், கரை நடுவில் தண்ணீர் ஓடும், அப்புறம் தை வரைக்கும் சுற்று என்பதே கிடையாது. தை வரைக்கும் எந்த மனுஷன் இளநீரில் உயிரோடு இருப்பான்.

ஊரில் எல்லோருக்கும் மனசுக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஊரில் முன்னொரு காலத்தில் இப்படித்தான் கரை மாறியதாம். அங்கே ஒரு சுற்று போகக் கிளம்பினால் கால் இரண்டு சுற்றுப் போய்த்தான் நிற்கும். இரண்டு, நாலு, ஆறு என்று கூட்டிப் பார்த்தார்கள், கழித்துப் பார்த்தார்கள், ஒற்றைச் சுற்று வரவேயில்லை. ஒற்றைச் சுற்று நூலில் கட்டுப்பட்டிருந்த ஒரு பெண்ணை அவிழ்க்க ஆளில்லாமல் அவள் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். சில கரைகள் மாறினாலும் பழசைத் திருப்பிக் கொடுக்கும், சில கரைகள் விழுங்கிவிடும். இது எந்தச் சாதிக் கரை என்று பார்த்த மாத்திரத்தில் யாருக்குத் தெரியும்?

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. வருஷா வருஷம் புரட்டாசிக் கொடைத் திருவிழாவில் அம்மன் சப்பரம் சிவப்பு நூலை இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போகும்: பெரியது வலம், சின்னது வலம், பெரியது இடம், சின்னது இடம். இரண்டு குளத்துக்கும் பங்காளிச் சண்டை, அம்மன் போய் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிச் சமாதானம் பண்ணுகிறாள் என்பார்கள். இடம் போட்டு வலத்தைக் கழித்துவிடலாமே என்று நினைத்தால் கழியாது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நூல் அப்படியே கிடக்கும். அம்மன் சுற்று மாறாத ஊரில் அவிழாத கட்டு இல்லை என்று ரெட்டைக்குளத்தில் ஒரு சொல் உண்டு. அது எப்படி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் சொல் உண்டு.

பஞ்சாயத்துத் தலைவர் துரைப்பாண்டி கொடையை நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். நல்ல மனுஷன்தான், பயந்த மனுஷன். மண்டபத்துக்கு வந்து, உட்கார்ந்திருந்தவன் முகத்தைப் பார்க்காமல், பூரணத்திடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த வருஷம் சப்பரம் வேண்டாம்னு நெனைக்கேன் தாயி. சுத்து மாறி வந்துட்டுன்னா ஊரு தாங்காது."

"மாறி வந்தா, மாறிட்டுன்னு தெரியும் மாமா."

"தெரிஞ்சு என்ன செய்ய? தெரியாம இருக்கது வரைக்கும் ஒரு நம்பிக்கை இருக்குல்லா."

"தெரிஞ்சா நான் நூலை அறுத்திருவேன்" என்றாள் பூரணம். இடுப்பில் செருகியிருந்த பிளேடைத் தொட்டுக்கொண்டேதான் சொன்னாள். "வந்தா எனக்குத்தான வரும் அந்தக் காய்ச்சல். வந்துட்டுப் போவட்டும். நான் ஒரு தடவை பாயில கெடந்து பாத்தவதான்."

கோமு தூணடியிலிருந்து எழுந்தாள். "ஏட்டி, அவன் உனக்காகத்தான இங்க உக்காந்து காயுதான்."

"அதனாலதான் மதினி."

கோமு தலைவர் பக்கம் திரும்பி, "சப்பரத்தைத் தூக்கச் சொல்லும்" என்றாள், தலைவர் சரி என்றுவிட்டுப் போனார். மண்டபத்தில் இருந்தவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் கை மட்டும் பந்தை இறுக்கிப் பிடித்தது.

கொடையன்று ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. சப்பரம் கிளம்பியது, மேளம் கிளம்பியது, பின்னாலேயே பூரணம் பிளேடோடு நடந்தாள். பெரியதை வலம் வரக் கிளம்பிய சப்பரம், பெரியதையும் சின்னதையும் வலம் வந்து நின்றது, சிவப்பு நூல் இரண்டையும் சுற்றிக் கிடந்தது. சின்னதை வலம் வரக் கிளம்பியது, சின்னது, பெரியது, சின்னது என்று மூன்று வலம் போயிற்று, நூல் கரைமேல் அடுக்கடுக்காக ஏறிற்று, மேளக்காரனுக்குக் கை ஓய்ந்தது. இத்தனையையும் எந்தக் காலத்தில் சுருட்டுவது என்று கிழவர்கள் தலையில் கை வைத்தார்கள். பிறகு சப்பரத்தைப் பெரியதில் இடமாகத் திருப்பினார்கள். கால்கள் சின்னதை இடமாகச் சுற்றின, கடைசியாகப் போட்ட சின்னக்குளத்து நூல் சுருண்டு வந்தது. பெரியதை இடமாகச் சுற்றின, அதற்கு முந்திப் போட்ட பெரியகுளத்து நூலும் வந்தது. மேளம் சத்தம் கூடிற்று. கடைசியாகச் சின்னதில் இடமாகக் கிளப்பினார்கள், கால்கள் சின்னதைச் சுற்றி ஒரு கட்டைச் சுருட்டி, பெரியதை இடமாகப் போய் நூல் போட்டு, சின்னதை இடமாகப் போய் நூல் போட்டு, கல்லடியில் வந்து நின்றன.

கரையில் கிடந்த நூலை ஆளாளுக்கு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பெரியது வலம், சின்னது வலம், பெரியது இடம், சின்னது இடம். ஒரு முழம் கூடவில்லை, ஒரு முழம் குறையவில்லை, போன வருஷம் எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடந்தது. துரைப்பாண்டி கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார். ஊரே குலவை போட்டது. அவிழும், அவிழும், வழி இருக்கு என்று பூரணத்தின் தோளைத் தட்டிவிட்டு எல்லோரும் பொங்கல் வைக்கப் போய்விட்டார்கள்.

வழி இருக்கிறது. எந்த வழி என்று அம்மன் சொல்லவில்லை.

பூரணம் மில்லுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிஜ நூலோடு விளையாட முடியாது, தப்பாகப் போட்டு எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அது கல்லிலும் கருவை முள்ளிலும் உரசித் தேய்கிறது. தரையில் பெரிய டின் ஒன்றும் சின்ன டின் ஒன்றும் கவிழ்த்து வைத்து, மூட்டை தைக்கிற சணலை எடுத்து, நடுவில் ஓர் ஆணியில் கட்டி, பெரிய டின்னை ஒரு வலம் சுற்றினாள். இதுதான் அவர் போட்ட சுற்று. இனி கால்கள் போகிற மாதிரிதான் கை போக வேண்டும்.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பெரிய கரையில் இரண்டு தடவை இடமாகப் போய், சின்ன கரையில் ஒரு தடவை வலமாகப் போனால், கழிவது கழிந்து சரியாக ஒரு பெரிய சுற்றுதான் மிச்சம், அதுவும் இடமாக. மனசு துள்ளியது. இடம் ஒன்று, வலம் ஒன்று, இடம் ஒன்று என்று சணலை ஓட்டினாள். கணக்கு சரியாகத்தான் வந்தது, சணல் இரண்டு டின்னையும் பின்னிக்கொண்டு அவிழாமல் நின்றது. எத்தனை என்பது மட்டும் போதாது, எதற்குப் பின் எது என்பதும் வேண்டும், பாழாய்ப்போன கரை அதையும் கேட்கிறது. கூரைத் தகரத்தில் நாலு சொட்டு விழுந்தது. மழை இல்லை, தூறல்தான்.

சணலைப் பிரித்துவிட்டு டின்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்ன கரை எங்கே கொண்டுபோகிறது? சின்னது, பெரியது, சின்னது. பெரிய கரை எங்கே கொண்டுபோகிறது? பெரியது, சின்னது. அடப்பாவி கரையே, சின்ன கரையின் வால் அப்படியே பெரிய கரை. வலமாகச் சின்ன கரையில் போய்விட்டு உடனே இடமாகப் பெரிய கரையில் திரும்பினால், அந்த வால் கழன்று, தனியாக ஒரு சின்னச் சுற்று மட்டும் கையில் நிற்கும், பழைய நாளைப் போல. அதற்கு மேல் இன்னொரு தடவை பெரிய கரையில் இடமாகத் திரும்பினால்? அந்தச் சின்னதும் கழலும், அதற்கு அடியில் இருக்கிற பெரியதும் கழலும். அடியில் இருக்கிற பெரியதுதானே அவர். பெரிய டின்னில் மறுபடி ஒரு வலம் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தாள். சணல் முழுக்கக் கைக்கு வந்தது, ஆணி வெறுமனே நின்றது. அவள் அதை நம்பாமல் மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள், மறுபடியும் வந்தது.

ஆக, அவிழ்க்க வேண்டுமானால் முதலில் கட்ட வேண்டும். மூன்று கட்டு. இடமாகத் திரும்பு முன் வலமாகப் போக வேண்டும், அதுவும் அவர் சுற்றாத குளத்தில். வாயால் விளக்கினால் ஊர் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசும், பேசி முடிவதற்குள் மழை வந்துவிடும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் மண்டபத்துக்கு வந்தபோது வானம் கறுத்து இறங்கியிருந்தது, பொங்கல் பானைகளை ஜனங்கள் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். சிவனணைந்தான் தூணில் சாய்ந்து கிடந்தான், கண் பாதி மூடியிருந்தது. அவள் மடியிலிருந்து பந்தை எடுத்தாள், எடுக்கும்போது அவன் விரல்கள் தாமாக விடவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு சின்னக்குளத்துக் கரையில் வலமாக ஏறினாள்.

கோமு பார்த்துவிட்டாள். "ஏட்டி, அது வலம். பூரணம், அது வலம்டி" என்று கத்திக்கொண்டே கரை வரைக்கும் ஓடி வந்தாள். கரையில் கால் வைத்தால் தானும் சுற்ற வேண்டும் என்று அங்கேயே நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பூரணம் திரும்பவில்லை. சின்னது சுற்றியாயிற்று, கல்லடியைத் தாண்டிப் பெரியதில் ஏறும்போது மழை விழுந்தது, தூறல் இல்லை, மழை. நூல் நனைந்து கனத்தது, பந்து இளைத்து எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது, போதுமா போதாதா என்று அவள் அப்போதுதான் நினைத்தாள், அதை முன்னாலேயே யோசிக்காத தன் புத்தியை ஏசிக்கொண்டே நடந்தாள். மறுபடி சின்னது. கடைசிக் கரையில் வரும்போது உள்ளங்கையில் சுண்டுவிரல் கனத்துக்கு நூல் மிச்சம் இருந்தது, அதோடு கல்லடியில் வந்து நின்றாள். இப்போது பெரியதும் சின்னதும் பெரியதும் சின்னதுமாக நாலு கட்டில் கிடந்தான் அவள் புருஷன்.

மூச்சு வாங்கக்கூட நிற்காமல் பெரிய கரையில் இடமாகத் திரும்பினாள். சின்னது சுருண்டு வந்தது. பெரியது சுருண்டு வந்தது. நனைந்த நூல், இழுத்தால் அறும், ஆகையால் காலின் வேகத்துக்குக் கையைக் கட்டிப்போட்டு, நூல் தானாக வருகிற மாதிரி சுருட்டினாள். மறுபடி பெரிய கரையில் இடமாகத் திரும்பினாள், சின்னது வந்தது, பந்து பழைய பருமனுக்கு வந்தது. கடைசியாகப் பெரியகுளம், அவன் போட்ட அவனுடைய சுற்று. மறுகால் மதகின் மேல் தண்ணீர் ஏறி அவள் கணுக்காலைத் தொட்டது. அவள் சாமியை நினைக்கவில்லை, அம்மனை நினைக்கவில்லை, அவனுக்குப் பிடித்த உளுந்தங்கஞ்சியை எவ்வளவு தண்ணீராக வைத்தால் வயிறு தாங்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டே நடந்தாள்.

கல்லடியில் வந்து நின்று கடைசி முழத்தைச் சுருட்டினாள். முடிச்சு அவள் தொடும் முன்னே கழன்றது. கல்லைச் சுற்றி எதுவும் இல்லை.

"அவுந்துட்டு" என்றாள் கோமு. சொல்லிவிட்டு அப்படியே மழையில் உட்கார்ந்துவிட்டாள்.

பூரணம் மண்டபத்தில் ஏறினாள். சிவனணைந்தான் தூணில் சாய்ந்திருந்த இடத்தில் இல்லை. சாவோடு போராடுகிற ஆள், அந்தப் பலகைக் கல்லில் ஒரு முழத்துக்கு நகர்ந்து, மழைச் சாரல் அடிக்கிற ஓரத்துக்குப் போய், முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் உட்கார்ந்து சூடேறியிருந்த காய்ந்த இடம் காலியாகக் கிடந்தது.

"ஏன் இப்படித் தள்ளி உக்காந்து நனையுதீங்க?" என்று கேட்டாள்.

"நீ வலமாப் போனியா" என்றான். "வேற வழி இல்லைன்னு, நீயும் கட்டிக்கிட்டு எம்பக்கத்துல உக்காரப் போறேன்னு நெனச்சேன். அதான் எடம் விட்டு உக்காந்தேன்."

பூரணம் அந்தக் காய்ந்த இடத்தில் உட்கார்ந்தாள்.